எதில் ஐம்பது சதவீதம்?

2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நான் அப்போது பணியாற்றிய அரசு சார்ந்த நிறுவனத்தின் வளாகத்துக்குக் கண்காணிப்புக் கேமராக்கள் வாங்குவதற்காக ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அதை மதிப்பிடும் குழுவில் கொள்முதல் பிரிவின் சார்பில் நானும் ஓர் உறுப்பினராக இருந்தேன். நான்கு நிறுவனங்கள் விலைப்புள்ளி கொடுத்திருந்தன. நான்குமே அலுவலக மொழியில் 'கிளாஸ் ஒன்' எனப்படும் முதல் வகுப்பு உள்நாட்டு வழங்குநர்கள், அதாவது பொருளின் மதிப்பில் பாதியாவது உள்நாட்டினுடையதாகத் தருபவர்கள், என்று உறுதிமொழி அளித்திருந்தன. ஆவணங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. மாதிரிக் கேமராக்களை இயக்கிக் காட்டும் நாளன்று, குழுவில் இருந்த இளம் பொறியாளர் ஒருவர் வழங்குநரின் அனுமதியுடன் ஒரு கேமராவின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையில் வெளிநாட்டு உற்பத்தியாளர் ஒருவரின் பெயர் அச்சாகியிருந்தது. கேமராவைக் கணினியில் இணைத்தபோது திறந்த உள்நுழைவுப் பக்கத்தின் ஓரத்திலும் அதே பெயரின் சுருக்கம் தெரிந்தது. வெளிக்கூட்டில் இருந்த பெயரும் முத்திரையும் மட்டும் நம் நாட்டினுடையவை.

வழங்குநரின் பிரதிநிதி சற்றும் பதற்றப்படவில்லை. "சார், விதிப்படி ஐம்பது சதவீதத்துக்கு மேல கணக்கு காட்டியிருக்கோம், சர்டிபிகேட் கோப்புல இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சான்றில் பொய் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. சான்று முழுக்க உண்மையாக இருந்தும் படம் யார் கைக்குப் போகும் என்ற எங்கள் கவலைக்கு அது துளியும் பதில் சொல்லவில்லை என்பதுதான் அன்று என்னை உறுத்தியது. பணி ஓய்வுக்குப் பிறகும் அந்த உறுத்தல் போகவில்லை.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் பாதுகாப்பைத் தொடும் கொள்முதல்களில் உள்நாட்டு வழங்குநர்களுக்கு அரசு முன்னுரிமை தருவதை நான் ஆதரிக்கிறேன். சீனாவின் 2017-ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அந்நாட்டின் ஒவ்வோர் அமைப்பும் குடிமகனும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கூறுகிறது. அப்படியொரு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம் எழுதிய மென்பொருள் நம் அணைக்கட்டிலோ மின்நிலையத்திலோ ஓடும்போது, அந்த நிறுவனத்தார் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்விக்கே இடமில்லை. நட்பு நாடுகள் என்று நாம் நினைப்பவையும் நெருக்கடியில் கையை விரித்திருக்கின்றன. 1991-இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன் இந்தியா செய்துகொண்ட கிரையோஜெனிக் என்ஜின் (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் என்ஜின்) ஒப்பந்தம், அமெரிக்காவின் தடைக்கும் அழுத்தத்துக்கும் பிறகு 1993-இல் சுருங்கிப்போனது. என்ஜின்கள் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. அதன் பிறகு திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து உருவாக்கிய சொந்த என்ஜின், 2010-இல் ஒருமுறை தோற்று, 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி டி-5 ராக்கெட் ஏவுதலில் வெற்றி கண்டது. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள். சொந்தமாகச் செய்வதன் அருமையைச் சொல்ல மேடைகளில் இந்தக் கதையை எடுத்தாள்கிறார்கள். அந்த இருபது ஆண்டுகளை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விதிக்கு வருவோம். 2017 ஜூன் 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட 'இந்தியாவில் தயாரிப்போம்' கொள்முதல் முன்னுரிமை ஆணை, பின்னர் பலமுறை திருத்தப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கிறது. பொருளின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டு உள்ளடக்கம் இருந்தால் அந்த வழங்குநர் முதல் வகுப்பு. 20 முதல் 50 வரை இருந்தால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் கீழே என்றால் உள்நாட்டு வழங்குநராகவே கருதப்படமாட்டார். 200 கோடி ரூபாய்க்குக் குறைவான கொள்முதல்களுக்குப் பொதுவாக உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது என்பதால், நடைமுறையில் பெரும்பாலான போட்டிகள் முதல் இரண்டு வகுப்பினருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

இந்த ஆணையைப் பற்றி வெளியே பரவியிருக்கும் தவறான எண்ணம் ஒன்றுண்டு. உள்நாட்டு நிறுவனம் என்றால் 20 சதவீதம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியன்று. பிரிக்கத்தக்க பொருளாக இருந்து, மிகக் குறைந்த விலை சொன்ன 'எல் ஒன்' நிறுவனம் முதல் வகுப்பைச் சேராததாக இருந்தால், பாதிக் கொள்முதல் அந்நிறுவனத்துக்கே போகும். மீதிப் பாதிக்கு, எல் ஒன் விலையைவிட 20 சதவீதத்துக்குள் அதிகமாகச் சொன்ன முதல் வகுப்பு வழங்குநர்களில் விலை குறைந்தவரை அழைத்து, எல் ஒன் விலைக்கே தர முடியுமா என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் ஆணை, இல்லாவிட்டால் அடுத்தவர். ஆக, அந்த 20 சதவீதம் என்பது பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதற்கான நுழைவுச்சீட்டே தவிர, கூடுதல் விலைக்கான அனுமதி அன்று. போட்டியிலிருந்து வெளிநாட்டாரை முழுக்க விலக்கும் இடங்களில்தான் கருவூலத்துக்கு உண்மையான கூடுதல் செலவு வருகிறது. அது எந்த ஏட்டிலும் தனியாகப் பதிவாவதில்லை.

என் சிக்கல் சதவீதத்தைக் கணக்கிடும் முறையில் தொடங்குகிறது. உள்நாட்டு உள்ளடக்கம் என்பது பொருளின் மொத்த மதிப்பிலிருந்து இறக்குமதியான பகுதியின் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது. கேட்பதற்கு நேர்மையான கணக்காகவே இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு கருவியில் 5,000 ரூபாய்க்கு இறக்குமதிப் பாகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 9,000 ரூபாய்க்கு விற்றால் உள்நாட்டு உள்ளடக்கம் 44 சதவீதம், இரண்டாம் வகுப்பு. அதே கருவியை, ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், 10,500 ரூபாய்க்கு விற்றால் உள்ளடக்கம் 52 சதவீதம், முதல் வகுப்பு. விலையைக் கூட்டினால் பொருள் மேலும் இந்தியமாகிவிடுகிறது! லாபம் உள்நாட்டில் ஈட்டியது என்பதால் அதுவும் உள்நாட்டு உள்ளடக்கத்தில் சேர்கிறது. போட்டி விலையை அடக்கிவைக்கும் வரை இது பெரிய ஓட்டையாகத் தெரியாது. போட்டியாளர்கள் எல்லோருமே ஒரே வெளிநாட்டு ஆலையிலிருந்து பலகை வாங்கிப் பொருத்துபவர்களாக இருக்கும்போது, விலை எங்கே போய் நிற்கும் என்பதை அனுமானிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அமெரிக்கர்கள் 1933-இல் இயற்றிய 'அமெரிக்கப் பொருளையே வாங்கு' சட்டத்தின் கீழ் வகுத்திருக்கும் சோதனை இந்த ஒரு விஷயத்தில் நம்முடையதைவிடக் கூர்மையானது. அங்கே விற்பனை விலையை எடுத்துக்கொள்வதில்லை. கூறுகளின் மொத்த அடக்கவிலையில் உள்நாட்டுக் கூறுகளின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்த வரம்பு 2024-இல் 65 சதவீதமாக உயர்ந்தது. 2029-இல் 75 ஆகவிருக்கிறது. எனினும் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஆயத்தப் பொருட்களுக்கு அச்சோதனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு என்பதால், அவர்களையும் முழு முன்மாதிரியாகக் கொள்வதற்கில்லை.

நம் துறையினர் இந்த ஓட்டைகளைக் கவனிக்காமல் இல்லை. இறக்குமதிப் பொருளை அப்படியே விற்றுவிட்டு, போக்குவரத்து, காப்பீடு, நிறுவுதல், பயிற்சி, பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றின் செலவை உள்நாட்டு மதிப்புக்கூட்டல் என்று காட்டுவது செல்லாது என 2021 மார்ச்சில் விளக்கம் வந்தது. அப்படியொரு விளக்கம் தேவைப்பட்டது என்பதே அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல்களுக்குத் தணிக்கையாளர் அல்லது செலவுக் கணக்காளரின் சான்று வேண்டும். அதற்குக் கீழே வழங்குநரே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி போதும். பொய் என்று தெரியவந்தால் இரண்டு ஆண்டுகள் வரை விலக்கிவைக்கலாம். எனது பணிக்காலத்தில் நான் பார்த்த கொள்முதல்களில் பெரும்பாலானவை 10 கோடிக்குக் கீழேதான்.

இத்தனை சரிபார்ப்புகளும் பணத்தைத்தான் அளக்கின்றன. வேலைவாய்ப்பைப் பெருக்க வேண்டும், அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நோக்கமானால் பணத்தை அளப்பது சரியான அளவுகோல்தான். அந்த ஆணையும் அடிப்படையில் அதற்காகவே எழுதப்பட்டது. பாதுகாப்பு என்ற கேள்வியோ வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கேமராவில் கூடு, கண்ணாடி, தாங்கி, மின்வழங்கி, கம்பி எல்லாம் சேர்ந்து விலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளலாம். படத்தைக் கையாளும் சில்லும் அதன்மேல் ஓடும், கருவிக்குள்ளேயே பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடலாம். அந்தச் சில நூறு ரூபாய்தான் படம் எங்கே போகிறது, யார் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே வர முடியும், நள்ளிரவில் எந்தச் சேவையகத்திடமிருந்து புதுப்பிப்பு இறங்குகிறது என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. மதிப்பில் ஐந்து சதவீதமாக இருப்பது கட்டுப்பாட்டில் நூறு சதவீதமாக இருக்க முடியும்.

பாதுகாப்பையே நேரடிக் காரணமாகச் சொல்லி வந்த விதி வேறொன்று. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உட்பட 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அடுத்த மாதம் 23-ஆம் தேதி பொது நிதி விதிகளின் 144-ஆம் விதி திருத்தப்பட்டது. இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் நம் அரசுக் கொள்முதலில் பங்கேற்க வேண்டுமானால், தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழுவிடம் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதியும் தேவை. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. ஆனால் இந்தியா கடனுதவியோ வளர்ச்சி உதவியோ வழங்கும் நாடுகளுக்கு விலக்கு உண்டு என்று சேர்த்தபோது, எஞ்சி நிற்பது யார் என்பதை எல்லை வரைபடம் பார்த்த எவரும் அறிவர்.

அன்று அலுவலகத்தில் இந்த ஆணையின் நகலைப் படித்தபோது, இதுவாவது உறுதியான கதவு என்று நினைத்தேன். 2021 பிப்ரவரியில் வந்த விளக்கக் குறிப்பு அந்தக் கதவின் அகலத்தைக் காட்டியது. இந்திய நிறுவனமொன்று அந்நாடுகளிலிருந்து மூலப்பொருட்களையும் உதிரிப் பாகங்களையும் துணைத் தொகுப்புகளையும் வாங்கிக்கொள்ளலாம். அப்படி விற்பவர் பதிவுசெய்ய வேண்டியதில்லை. முழுமையான பொருளை வாங்கி அப்படியே கைமாற்றினால்தான் பதிவு தேவை. இதை எழுதியவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. பாகங்களையும் தடுத்திருந்தால் அன்றைக்கு நாட்டில் ஒரு மின்னணுக் கருவியைக்கூட யாரும் வழங்கியிருக்க முடியாது. இருந்தாலும், எங்கள் குழுவின் மேசைமேல் மூடி கழன்று கிடந்த அந்தக் கேமரா இந்த இரண்டு விதிகளையும் ஒழுங்காகக் கடந்து வந்ததுதான்.

கேமராவில் நேர்ந்தது பெரிய அளவில் ட்ரோனில் நேர்ந்தது. 2025 பிப்ரவரியில், எல்லைப் பகுதிகளுக்குப் பொருட்களைச் சுமந்து செல்வதற்கான 400 ட்ரோன்களை வழங்க உள்நாட்டு நிறுவனங்களுடன் செய்துகொண்டிருந்த, ஏறத்தாழ 230 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தங்களைப் பாதுகாப்புத் துறை ரத்துசெய்ததாகச் செய்திகள் வந்தன. காரணம், அவற்றில் சீனப் பாகங்கள் இருந்தது. ட்ரோனைப் பொறுத்தவரை இது வெறும் சந்தேகம் அன்று. பறத்தலைக் கட்டுப்படுத்தும் பலகையும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துடனான வானொலி இணைப்பும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர் நினைத்தால் அது பறந்த பாதையைப் படிக்கலாம். பாதையையே மாற்றவும் முயலலாம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இது தெரியவந்தது என்பதுதான் கொள்முதல்காரனாகிய என்னைத் தூங்கவிடாத செய்தி. வாங்கும் முன் எந்தப் பாகம், எங்கிருந்து என்ற பட்டியலைக் கேட்டு, ஒரு மாதிரியை உடைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவும் நேரமும், எல்லையில் பனி விழத் தொடங்கும் முன் வரவேண்டிய கருவிகளை ரத்துசெய்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றிலிருந்து செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, மோட்டார் செய்யும் நம் ஆலைகள் தவித்தன. ஒட்டுக்கேட்கும் ஆபத்து இல்லாத பாகத்திலும், வராமல்போகும் ஆபத்து இருக்கிறது.

சரியான அளவுகோலை நோக்கி அரசு நகர்ந்த இடங்களும் உண்டு. 2021 மார்ச்சில் அப்போதைய தகவல் தொழில்நுட்ப இணை அமைச்சர் நாடாளுமன்றத்தில், அரசு நிறுவனங்களில் உள்ள சுமார் 10 லட்சம் கேமராக்கள் சீன நிறுவனங்களுடையவை என்றும், படத்தரவு வெளிநாட்டுச் சேவையகங்களுக்குச் செல்லும் பலவீனம் இருப்பதாகவும் தெரிவித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில், கேமராக்களுக்கான அடிப்படைப் பாதுகாப்புத் தேவைகள் அறிவிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தன. இதில் சதவீதம் எதுவும் இல்லை. எந்த நாட்டில் செய்திருந்தாலும் வன்பொருள், மென்பொருள், மூலநிரல், பாகங்கள் வந்த வழி ஆகியவற்றை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் காட்டி, சோதனையில் தேற வேண்டும். உற்பத்தியாளர்கள் ஆய்வகங்கள் போதவில்லை, தாமதமாகிறது, மூலநிரலைக் கேட்பது வணிக ரகசியத்தைக் கேட்பது என்றெல்லாம் முறையிட்டார்கள். முதலிரண்டும் நியாயமானவை. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ராணுவ முகாமின் வாசலில் தொங்கப்போகும் கருவி என்ன செய்கிறது என்பதை அதை வாங்குபவர் அறியக் கூடாது என்றால், அதை அவர் வாங்கவே வேண்டியதில்லை.

தொலைத்தொடர்பிலும் இதே போக்கில், 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பாதுகாப்பு உத்தரவின்படி, 2021 ஜூன் 15 முதல் நம்பகமான மூலங்கள் என்று ஏற்கப்பட்டவற்றின் கருவிகளை மட்டுமே புதிதாக வலைப்பின்னலில் இணைக்க முடியும். இது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. பாதுகாப்புத் துறையின் 2020-ஆம் ஆண்டுக் கொள்முதல் நடைமுறையோ இன்னொரு நல்ல கேள்வியைக் கேட்கிறது: வடிவமைப்பு யாருடையது? உள்நாட்டு வடிவமைப்பாக இருந்தால் 50 சதவீத உள்ளடக்கம் போதும். வடிவமைப்பு வெளியாருடையதாக இருந்தால் 60 வேண்டும். வடிவமைப்பு கையில் இருப்பவன்தான் நாளை ஒரு பாகம் வராதபோது வேறொன்றைப் பொருத்தும் துணிவு பெறுவான் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இனி விலையைப் பற்றிப் பேச வேண்டும். உள்நாட்டு முன்னுரிமையை ஆதரிப்பவர்கள் பேசத் தயங்குவது இதைத்தான். பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு 4ஜி அலைக்கற்றையும் மறுவாழ்வுத் திட்டமும் 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஜியோ 4ஜி சேவையை நாடெங்கும் தொடங்கிவிட்டிருந்தது. 2020 மார்ச்சில் பிஎஸ்என்எல் கோரிய ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கே சாதகமாக உள்ளன என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். கல்வான் மோதலுக்குப் பிறகு அது ரத்தானது. இந்தியத் தொழில்நுட்பத்திலேயே வலைப்பின்னல் அமைய வேண்டும் என்று முடிவாயிற்று. டிசிஎஸ் தலைமையில், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டின் மைய மென்பொருளும் தேஜஸ் நெட்வொர்க்ஸின் வானொலிக் கருவிகளும் சேர்ந்து ஒரு தொகுப்பாகி, சோதனைகள் முடிந்து, 2023-இல் பெரிய ஆணைகள் வழங்கப்பட்டு, 2025 செப்டம்பர் 27 அன்று 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களுடன் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார்.

தொழில்நுட்ப ரீதியாக இது பெருமைக்குரிய சாதனை. ஒரு முழு 4ஜி வலைப்பின்னலுக்கான மென்பொருளையும் வானொலியையும் சொந்தமாகச் செய்யக்கூடிய நாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அதே வேளையில், ரத்தான அந்த ஒப்பந்தப்புள்ளியிலிருந்து தொடக்க விழா வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஐந்து ஆண்டுகளில் பிஎஸ்என்எல் எண்ணை வைத்திருந்தவர்கள், என் வீட்டிலேயே இருவர், யூபிஐயில் பணம் அனுப்ப வாசலுக்கு வந்து நின்று, பிறகு பொறுமையிழந்து எண்ணை மாற்றிக்கொண்டார்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது பிஎஸ்என்எல்லை நாடி வந்தவர்களிலும் பலர் அதன் வேகம் கண்டு சலித்தார்கள். இந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. நாட்டின் பாதுகாப்புக்காக ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் சந்தையைச் செலவிட்டோம் என்றால், அந்தச் செலவைப் பாதுகாப்புச் செலவாக எழுதி அந்த நிறுவனத்துக்கு ஈடுசெய்திருக்க வேண்டும். நாமோ செலவை பிஎஸ்என்எல் ஊழியர்கள் தலையிலும் வாடிக்கையாளர்கள் தலையிலும் கட்டிவிட்டு, 'நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்' என்று அதையே ஏசினோம்.

பாதி வழியில் நின்றுவிட்ட தற்சார்புக்குத் தேஜஸ் போர் விமானத்தைச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாயில் விமானம் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான எச்ஏஎல்லுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வடிவமைப்பு நம்முடையது, தயாரிப்பு நம்முடையது, என்ஜின் மட்டும் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்தின் எஃப்-404. 2024-இலேயே விமானங்கள் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கான 99 என்ஜின்களில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. 2021 செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆணை கொடுக்கப்பட்டது, என்ஜினோ ஜெர்மனியின் எம்டியூ நிறுவனத்துடையது. ஆவடித் தொழிற்சாலையைக் குறைசொல்வது என் நோக்கமன்று. 1960-களில் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே அனுப்பிய இடம் அது. மதிப்புக் கணக்கில் இவ்விரண்டும் கௌரவமான சதவீதத்தோடு தேறிவிடும் என்பதையும், ஒரே ஒரு பாகத்தின் வரவுக்காக முழு வரிசையும் காத்து நிற்கும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

வெளியுலகச் சட்டம் இதையெல்லாம் அனுமதிக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெரும்பாலும் அனுமதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் இந்தியா உறுப்பினரன்று, பார்வையாளர் மட்டுமே. சரக்கு வணிகத்துக்கான காட் உடன்பாட்டின் 3-ஆம் பிரிவும் அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவதைப் பொது விதியிலிருந்து விலக்கிவைக்கிறது. ஆனாலும் ஒருமுறை நாம் சறுக்கினோம், அதுவும் வேடிக்கையான இடத்தில். தேசிய சூரிய ஆற்றல் திட்டத்தில் உள்நாட்டுச் சூரியத் தகடுகளையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து அமெரிக்கா தொடுத்த வழக்கில், இது அரசுக் கொள்முதல் என்று இந்தியா வாதாடியது. 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டு அமைப்பு அதை ஏற்கவில்லை. அரசு வாங்கியது மின்சாரத்தை. பாகுபாடு காட்டியது தகட்டில். வாங்கிய பொருள் வேறு, முன்னுரிமை கொடுத்த பொருள் வேறு என்றார்கள். கோப்பு எழுதுகிறவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு என்பேன். எதற்கு முன்னுரிமை என்பதைத் துல்லியமாகச் சொல்லாததற்கு அங்கே நாம் வழக்கில் விலை கொடுத்தோம். இப்போது 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் உடன்பாடு போன்றவை 200 கோடிக்கு மேற்பட்ட மத்திய அரசுக் கொள்முதல்களில் சிலவற்றை வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திறக்கின்றன. பாதுகாப்பைத் தொடுபவை எவை என்ற பட்டியல் நம்மிடம் தெளிவாக இருந்தால் மற்றவற்றைத் திறப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பாதுகாப்பு என்று சொல்லி எதையும் பாதுகாக்காமல் விடுவோம்.

உள்நாட்டிலும் யாருக்கு முன்னுரிமை போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் துல்லியமாகக் கடைந்து தரக்கூடிய சிறு பட்டறைகள் உண்டு. பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்தபோது இவ்வூர்களும் அதில் கணுக்களாகச் சேர்க்கப்பட்டன. ஒப்பந்தப்புள்ளியில் கேட்கப்படும் ஆண்டு விற்றுமுதலையும் முன் அனுபவத்தையும் பார்த்தே இவர்களில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நிபந்தனைகளைப் படித்தால் ஏதோவொரு வெளிநாட்டு நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டிலிருந்து எடுத்தது போலவே இருக்கும்; நானே என் இளமைக் காலத்தில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, அப்படியொரு கையேட்டைப் பார்த்து விவரக்குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்தக் கையேட்டுக்குப் பொருந்தும் கருவியைத் தர அந்த நிறுவனத்தின் பலகையை வாங்கிப் பொருத்துபவரால்தான் முடியும். புதிதாக ஒன்றை வடிவமைத்தவர் தோற்பார், ஒட்டுத்தாளை மாற்றியவர் வெல்வார். இருவருமே உள்நாட்டு வழங்குநர்கள்.

எங்கள் குழு அன்று என்ன செய்தது என்று சொல்லி முடிக்கிறேன். ஒப்பந்தப்புள்ளியை ரத்துசெய்ய எங்களுக்கு விதியில் காரணம் கிடைக்கவில்லை. மறுபடி கோரினால் நிதியாண்டு முடிந்து ஒதுக்கீடு திரும்பிப்போய்விடும் என்று கணக்குப் பிரிவு எச்சரித்தது. எல் ஒன் நிறுவனத்துக்கே ஆணை கொடுத்தோம். மூடியைக் கழற்றிய அந்தப் பொறியாளர் மட்டும் விடாப்பிடியாக நின்று, கேமராக்கள் எதுவும் இணையத்தோடு இணையாதபடி தனிக் கம்பி வழியாகத் தனி அறையில் உள்ள பதிவுக்கருவிக்குப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வைத்தார். கூடுதலாக ஆன கம்பிச் செலவை வழங்குநரின் பட்டியலில் பார்த்தேன். கம்பி முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு. அது சேர்ந்ததால் அவருடைய சதவீதம் இன்னும் இரண்டு புள்ளி ஏறியிருந்தது.